பிறந்த தேதியை முதலில் சொன்னவர் யார்? விக்கிப்பீடியாவுக்காக ஒருவரின் வாழ்க்கைக் குறிப்பைச் சரிபார்க்க முழுமையான வழிகாட்டி

புதுச்சேரியிலோ கடலூரிலோ பிறந்த ஓர் எழுத்தாளர், பழைய சட்டமன்ற உறுப்பினர், விடுதலைப் போராட்ட வீரர் என யாரையாவது இணையத்தில் தேடிப் பாருங்கள். பத்துத் தளங்களில் ஒரே பிறந்த தேதி வரும். இத்தனை பேர் சொல்கிறார்களே, சரியாகத்தான் இருக்கும் என்று தோன்றும். ஆனால் அந்தப் பத்தில் ஒன்பது, முதல் ஒன்றைப் பார்த்து எழுதியவையாக இருக்கலாம். அந்த முதல் ஒன்று விக்கிப்பீடியாவாகவே இருந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். சான்றில்லாமல் நாம் எழுதியதை ஒரு நாளிதழ் எடுத்துப் போடும். அப்புறம் அந்த நாளிதழையே நாம் சான்றாகக் காட்டுவோம்.

நம் பகுதி ஆளுமைகளைப் பற்றி அச்சில் இருப்பதே குறைவு. சென்னையில் வாழ்ந்த ஒருவரைப் பற்றித் தப்பாக எழுதினால் மறுப்பதற்கு நான்கு புத்தகங்கள் இருக்கும். வில்லியனூர்க் கவிஞரைப் பற்றியோ, கடலூர் முதுநகர்ப் போராளியைப் பற்றியோ ஒரு தப்பு விழுந்துவிட்டால் அது அப்படியே நிலைத்துவிடும். பள்ளிக் கட்டுரைப் போட்டியில் வரும், நினைவுப் பலகையில் வரும், கடைசியில் அரசு விழா அழைப்பிதழிலும் வரும். 2003 முதல் தமிழ் விக்கிப்பீடியாவில் ஏராளமான வாழ்க்கை வரலாறுகள் எழுதப்பட்டுவிட்டன. புதிதாக எழுதுவதைவிட, இருப்பதைச் சரிபார்ப்பதுதான் இப்போது அவசரமான வேலை என்று நினைக்கிறேன். அதைச் செய்யும் முறையை இங்கே வரிசையாகச் சொல்கிறேன்.

1. கட்டுரையைத் தனித்தனித் தகவல்களாகப் பிரியுங்கள்

ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம்: “1934இல் கடலூரில் பிறந்த ஜெயகாந்தன், சாகித்திய அகாதெமி விருதும் ஞானபீட விருதும் பெற்றவர்.” படிக்க ஒரே வாக்கியம். சரிபார்க்க நான்கு தகவல்கள்: ஆண்டு, ஊர், இரண்டு விருதுகள். வாக்கியத்தின் கடைசியில் ஒரே ஒரு சான்று இருந்தால், அது நான்கில் எதைத் தாங்குகிறது என்று யாருக்கும் தெரியாது.

ஒரு நோட்டில் கோடு போட்டு ஐந்து பத்திகள் (நெடுக்குக் கட்டங்கள்) போட்டுக்கொள்ளுங்கள். தகவல் என்ன, அதைச் சொல்வது யார், எந்த ஆண்டில் சொன்னார், அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும், நம் முடிவு என்ன. நான்காவது பத்திதான் இந்த வேலையின் உயிர். கூடப் படித்தவர் எழுதிய நினைவுக் குறிப்பா, பதிவேட்டைப் பார்த்தவரா, இன்னொரு புத்தகத்தைப் பார்த்து எழுதியவரா? அந்தப் பத்தி வெறுமையாக இருக்கும் தகவலை இன்னும் சரிபார்க்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

2. உயிரோடு இருப்பவரா என்று முதலிலேயே பாருங்கள்

இதற்கான விடையைப் பொறுத்து வேலையின் விதிகளே மாறும். வாழ்பவர் என்றால், சான்றில்லாத சர்ச்சைத் தகவலுக்குப் பக்கத்தில் “சான்று தேவை” என்று ஒட்டிவிட்டுக் காத்திருக்கக் கூடாது, உடனே நீக்க வேண்டும். அவருடைய முழுப் பிறந்த தேதி பரவலாக அச்சில் வந்திருந்தால் மட்டும் எழுதலாம். அவர் அதை வெளியிட விரும்பவில்லை என்று தெரிந்தால் ஆண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிறப்புச் சான்றிதழ், நீதிமன்ற ஆவணம், வாக்காளர் பட்டியல், சொத்துப் பதிவு இவற்றைத் தோண்டி எடுத்து ஒருவரின் சொந்த விவரங்களைப் போடுவது நம் வேலை இல்லை. கைக்குக் கிடைத்துவிட்டது என்பதற்காக எழுதிவிட முடியாது.

அரசியல்வாதிகளுக்கு வேட்புமனுவோடு தரும் படிவம் 26 பிரமாணப் பத்திரம் உண்டு, தேர்தல் ஆணையத் தளத்திலேயே கிடைக்கும். அது அவரே தன்னைப் பற்றிச் சொன்னது என்பதை மறக்க வேண்டாம். கல்வித் தகுதியை “தம் பிரமாணப் பத்திரத்தில் இவ்வாறு குறிப்பிட்டுள்ளார்” என்று எழுதலாம். முகவரி, தொலைபேசி எண் போன்றவற்றைத் தொடவே கூடாது. வழக்கு விவரங்களை, நம்பகமான இதழ்கள் தனியாக எழுதியிருந்தால் மட்டும் சேருங்கள். இன்னொன்று, அதில் இருப்பது வயதுதான், பிறந்த தேதி கிடையாது. 2021 மார்ச்சில் 52 என்று ஒருவர் போட்டிருந்தால், அவர் 1968 மார்ச்சுக்கும் 1969 மார்ச்சுக்கும் இடையில் பிறந்திருக்கிறார் என்பதுதான் அதற்குப் பொருள். “1969இல் பிறந்தார்” என்று அதிலிருந்து எழுதிவிடக் கூடாது.

3. தகவலின் ஊற்றைப் பிடியுங்கள்

கட்டுரையின் வரலாறு பக்கத்துக்குப் போங்கள். பிறந்த தேதி எந்த நாளில், எந்தத் தொகுப்பில் (திருத்தத்தில்) நுழைந்தது என்று பழைய பதிப்புகளைத் திறந்து கண்டுபிடியுங்கள். பிறகு, சான்றாகக் காட்டப்படும் செய்தி எந்த நாளில் வந்தது என்று பாருங்கள். விக்கிப்பீடியாவில் 2012இல் நுழைந்த தேதிக்கு 2016ஆம் ஆண்டுச் செய்தியைச் சான்றாகக் காட்டியிருந்தால் சந்தேகப்பட வேண்டியதுதான். அந்தச் செய்தியாளர் எங்கே பார்த்திருப்பார்? விக்கிப்பீடியா தொடங்குவதற்கு முன் அச்சான ஒரு புத்தகமோ மலரோ கிடைத்தால் அந்தச் சுழலிலிருந்து வெளியே வந்துவிடலாம். அதனால்தான் பழைய தாளைத் தேடி நூலகம் போகச் சொல்கிறேன்.

தப்புகள் இதில் ஒரு வகையில் உதவி செய்யும். மூன்று தளங்கள் ஒரே எழுத்துப் பிழையோடு ஒரே வரியைச் சொன்னால் அவை மூன்றும் ஒரே சான்றுதான். இரண்டு பேர் வேறு வேறு சொற்களில், வேறு வேறு சந்தர்ப்பத்தில், ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஒரே தேதியைச் சொல்லியிருந்தால் அந்த இரண்டே போதும்.

4. தேதிகள்

நம் ஊரில் தேதி குழம்புவதற்குக் காரணங்கள் பல. ஒவ்வொன்றுக்கும் ஒரு சோதனை உண்டு.

முதலாவது, கழித்தல் பிழை. பாரதிதாசன் பிறந்தது 1891 ஏப்ரல் 29, மறைந்தது 1964 ஏப்ரல் 21. ஆண்டைக் கழித்தால் 73 வரும். ஆனால் 73 நிறைய எட்டு நாள் இருக்கும்போதே போய்விட்டார், வயது 72. ஜெயகாந்தனுக்கும் இதே கதைதான். 1934 ஏப்ரல் 24இல் பிறந்து 2015 ஏப்ரல் 8இல் மறைந்தார், 80 நிறைந்திருந்தது, 81 நிறையவில்லை. இதையே தலைகீழாகச் செய்யும்போதுதான் ஆபத்து. “எண்பதாவது வயதில் காலமானார்” என்ற ஒரு வரியை வைத்துப் பிறந்த ஆண்டைக் கணக்குப் போட்டு எழுதிவிடுகிறார்கள். நம்மிடம் நடக்கும் வயதைச் சொல்லும் வழக்கமும் உண்டு. 80 நிறைந்தவரை “எண்பத்தொண்ணு நடக்குது” என்போம். ஆகவே வயதிலிருந்து ஆண்டைக் கண்டுபிடித்தால் ஓராண்டு முன்னே பின்னே இருக்கும் என்று வைத்துக்கொண்டு, “சுமார்” என்று போடுங்கள்.

இரண்டாவது, தமிழ் ஆண்டு. பழைய நூல்களிலும் சமாதிக் கல்வெட்டுகளிலும் அறுபது ஆண்டுச் சுழற்சியில் உள்ள பெயர்தான் இருக்கும். வள்ளலார் பிறந்தது சுபானு ஆண்டு புரட்டாசி 21, ஞாயிற்றுக்கிழமை. சுபானு 1823இலும் வரும், 1883இலும் வரும், 1943இலும் வரும். எந்தச் சுபானு என்பதை அவர் வாழ்க்கையின் மற்ற நிகழ்ச்சிகளை வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும். தீர்மானித்த பிறகு கிழமையை வைத்துச் சோதியுங்கள். 1823 அக்டோபர் 5 ஞாயிற்றுக்கிழமைதான், பொருந்துகிறது. கிழமை பொருந்தவில்லை என்றால் மாற்றும்போது எங்கோ ஒரு நாள் தவறியிருக்கிறது என்று பொருள். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது.

அவர் மேட்டுக்குப்பத்தில் சித்தியடைந்த நாளில் இன்னொரு கண்ணி இருக்கிறது. ஸ்ரீமுக ஆண்டு தை 19. ஸ்ரீமுக ஆண்டு 1873 சித்திரையில் தொடங்கியது. அட்டவணையில் “ஸ்ரீமுக – 1873” என்று பார்த்துவிட்டு 1873 ஜனவரி என்று எழுதினால் ஓராண்டு தவறிவிடும். தை மாதம் வருவதற்குள் ஆங்கில ஆண்டு மாறியிருக்கும். சரியான நாள் 1874 ஜனவரி 30, வெள்ளிக்கிழமை. தை, மாசி, பங்குனி என்று மாதப் பெயரைப் பார்த்தால் உடனே நிதானியுங்கள், ஆங்கில ஆண்டோடு ஒன்றைக் கூட்ட வேண்டியிருக்கும்.

மூன்றாவது, நள்ளிரவு. நம் மரபில் நாள் சூரிய உதயத்தில்தான் மாறும். நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு ஓர் உயிர் போனால் வீட்டார் முந்தின நாளையே சொல்வார்கள், அரசுப் பதிவு அடுத்த நாளைச் சொல்லும். பாரதியார் மறைந்தது 1921 செப்டம்பர் 11 இரவு, நள்ளிரவு தாண்டிய பிறகு. அதனால்தான் 11 என்றும் 12 என்றும் இரண்டும் புழங்குகின்றன. தமிழ்நாடு அரசு செப்டம்பர் 11ஐ மகாகவி நாளாகக் கடைப்பிடிக்கிறது. இங்கே புதுச்சேரியில் ஸ்ரீ அரவிந்தர் மறைந்தது 1950 டிசம்பர் 5, அதிகாலை 1.26 மணிக்கு. அவருடைய ஆசிரமம் நேரத்தோடு குறித்து வைத்ததால் அந்தக் குழப்பம் வரவில்லை. ஒரு நாள் வித்தியாசத்தில் இரண்டு தேதிகள் கண்ணில் பட்டால், யாரோ தப்பாக எழுதிவிட்டார்கள் என்று முடிவு கட்டுவதற்கு முன்பு மறைந்த நேரம் என்ன என்று தேடுங்கள்.

நான்காவது, பள்ளிக்கூடத் தேதி. ஐந்து வயது ஆகிவிட்டதா என்று பார்க்க, கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் எதிர்ப்பக்கக் காதைத் தொடச் சொல்லிவிட்டு, வாத்தியார் ஒரு தேதியை எழுதிக்கொண்ட காலம் அது. அந்தத் தேதிதான் சான்றிதழிலும், அரசு வேலையிலும், ஓய்வூதியத்திலும் தொடர்ந்தது. வீட்டில் தெரிந்த பிறந்தநாள் வேறு. பள்ளி திறக்கும் மாதத்தை ஒட்டி ஒருவரின் பிறந்த தேதி இருந்தால் அவர் தன்வரலாறோ நேர்காணலோ தந்திருக்கிறாரா என்று தேடிப் பாருங்கள். இரண்டு தேதிகளும் அச்சில் இருந்தால் “ஆவணப்படி இன்ன தேதி, தம் பிறந்தநாளாக அவர் சொல்வது இன்ன தேதி” என்று இரண்டையும் எழுதலாம். நட்சத்திரப்படி கொண்டாடிய பிறந்தநாள் ஆண்டுதோறும் நகரும் என்பதையும் நினைவில் வையுங்கள். மணிவிழா அழைப்பிதழில் இருக்கும் தேதியிலிருந்து அறுபதைக் கழித்து அதுவே பிறந்த தேதி என்று போட்டுவிடாதீர்கள்.

ஐந்தாவது நம் பகுதிக்கே உரியது, 18ஆம் நூற்றாண்டு ஆட்களைப் பற்றி எழுதுபவர்களுக்கு மட்டும் வேண்டியது. புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரர்கள் இப்போது நாம் பயன்படுத்தும் கிரெகொரியன் நாட்காட்டியை வைத்திருந்தார்கள். கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டையில் இருந்த ஆங்கிலேயர்கள் 1752 செப்டம்பர் வரை பழைய ஜூலியன் நாட்காட்டியிலேயே இருந்தார்கள். பக்கத்துப் பக்கத்து ஊர், இடையில் 11 நாள் வித்தியாசம்! 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் வசமான நாள் பிரெஞ்சுக் கணக்கில் செப்டம்பர் 21, ஆங்கிலக் கணக்கில் செப்டம்பர் 10. அதோடு ஆங்கிலேயருக்கு அப்போது ஆண்டு பிறப்பதே மார்ச் 25இல்தான். ஆகவே ஜனவரி, பிப்ரவரி தேதிகளில் ஆண்டே ஒன்று குறைவாக இருக்கும். ஆனந்தரங்கப் பிள்ளை காலத்து மனிதர் யாரைப் பற்றி எழுதினாலும், தேதி எந்தப் பக்கத்து ஏட்டிலிருந்து வந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

5. ஊர்

கடலூர் என்றால் மஞ்சக்குப்பமா, திருப்பாதிரிப்புலியூரா, முதுநகரா என்பது சான்றில் இருந்தால் கட்டுரையிலும் இருக்கட்டும். மாவட்டப் பெயரில் கவனம் வேண்டும். 1993 செப்டம்பர் 30 வரை இது தென்னார்க்காடு மாவட்டம். விழுப்புரம், கள்ளக்குறிச்சி எல்லாம் அதற்குள்தான் இருந்தன. “தென்னார்க்காட்டைச் சேர்ந்தவர்” என்று பழைய நூலில் இருந்தால் அதைக் “கடலூர் மாவட்டம்” என்று மாற்றிவிடாதீர்கள், அவர் ஊர் திண்டிவனம் பக்கமாகவும் இருக்கலாம். பிறந்த காலத்துப் பெயரை எழுதி, அடைப்புக்குள் இன்றைய மாவட்டத்தைச் சொல்வதே நல்லது.

புதுச்சேரியில் பிறந்தவர்களுக்கு நாடு எது என்ற கேள்வியும் வரும். தகவற்சட்டத்தில் (கட்டுரையின் ஓரத்தில் வரும் விவரப் பெட்டியில்) வழக்கம்போல “பிரித்தானிய இந்தியா” என்று ஒட்டப்பட்டிருப்பதை நிறைய இடங்களில் பார்க்கலாம். 1891இல் பிறந்த பாரதிதாசனுக்கு அது தவறு, பிரெஞ்சிந்தியா என்று இருக்க வேண்டும். ஆட்சி இந்தியாவின் கைக்கு வந்தது 1954 நவம்பர் 1. சட்டப்படி இணைந்தது 1962 ஆகஸ்ட் 16. இரண்டுக்கும் நடுவே பிறந்தவர்களுக்கு என்ன போடுவது என்று உரையாடல் பக்கத்தில் வாதம் நடக்கும். அப்போது இரண்டு தேதிகளையும் எடுத்துச் சொல்லுங்கள். இணைப்பு உடன்படிக்கையின்படி பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டியவர்கள் ஆறு மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. ஆகவே ஒருவர் புதுச்சேரியில் பிறந்தார் என்பதை மட்டும் வைத்து அவரைப் பிரெஞ்சுக் குடிமகன் என்றோ, அல்லர் என்றோ எழுத முடியாது.

அந்தக் காலத்தில் எல்லை என்பது வெறும் கோடாக இருக்கவில்லை. பாரதியார் 1908இல் புதுச்சேரிக்கு வந்ததும், 1918 நவம்பரில் வெளியேறியதும் கடலூர் அருகே கைதாகி நவம்பர் 20 முதல் டிசம்பர் 14 வரை சிறையில் இருந்ததும் இந்த எல்லையால்தான். பிரெஞ்சுக் கிராமங்களும் ஆங்கிலேயக் கிராமங்களும் பின்னிக் கிடந்த பகுதி என்பதால், ஒரு கிராமத்தின் பெயரைப் பார்த்ததும் அது எந்தப் பக்கம் இருந்தது என்று வரைபடத்தில் ஒருமுறை சரிபாருங்கள். அண்மைக் காலத்தவர் என்றால் வேறொரு சிக்கல் உண்டு. கடலூர் மாவட்டத்துக் குடும்பம், பிரசவம் மட்டும் புதுச்சேரி மருத்துவமனையில். பிறந்த இடம் புதுச்சேரிதான், சொந்த ஊர் வேறு. இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்.

6. பெயர்

பிரெஞ்சுப் பதிவேடுகளில் தேடுபவர்கள் எழுத்துக்கூட்டலில் தடுமாறுவார்கள். உகரத்துக்கு ஆங்கிலத்தில் யு ஒன்றே போதும், பிரெஞ்சில் ஓ-வும் யு-வும் சேர்ந்து வரும். சுப்பையா, சுப்புராயன் போன்ற பெயர்களை ஆங்கில எழுத்துக்கூட்டலில் மட்டும் தேடிவிட்டு “பதிவே இல்லை” என்று முடிவு செய்துவிடக் கூடாது. 1881ஆம் ஆண்டு ஆணையின்படி தம் சமூக, மத வழக்கப்படியான சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்கு உட்பட்டவர்கள் புதிதாகக் குடும்பப் பெயர் சூட்டிக்கொண்டார்கள். அப்பாவுக்கு ஒரு பெயர்முறை, பிள்ளைக்கு வேறு பெயர்முறை என்று இருக்கும்.

புனைபெயரோடு வாழ்ந்தவர்களுக்கு இயற்பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். பாரதிதாசன் கனகசுப்புரத்தினமாகத்தான் ஆசிரியர் வேலை பார்த்தார். பிரபஞ்சன் வைத்தியலிங்கம், தமிழ்ஒளி விஜயரங்கம். கல்வி, வேலை தொடர்பான தாள்களில் இயற்பெயர்தான் இருக்கும். முதலெழுத்து ஒன்றாக இருப்பதால் இரண்டு பேரை ஒருவராக்கிவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. பெயரோடு தந்தை பெயர், ஊர், தொழில் ஆகியவற்றில் குறைந்தது இரண்டு பொருந்திய பிறகே ஒரே ஆள் என்று கொள்ளுங்கள்.

7. படிப்பு, பதவி, விருது

இவற்றைச் சோதிக்க நிறுவனத்தின் வயதைப் பார்ப்பதே விரைவான வழி. 1940களில் ஒருவர் “ஜிப்மரில் மருத்துவம் படித்தார்” என்று இருந்தால் அது அப்படியே நிற்காது. 1823இல் பிரெஞ்சுக்காரர்கள் தொடங்கிய மருத்துவப் பள்ளிதான் பல மாற்றங்களுக்குப் பிறகு 1964இல் ஜிப்மர் ஆனது. அதேபோல் புதுவைப் பல்கலைக்கழகம் 1985இல் வந்தது. அதற்கு முன் புதுச்சேரிக் கல்லூரியில் வாங்கிய பட்டம் பெரும்பாலும் சென்னைப் பல்கலைக்கழகத்தினுடையது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929இல் தொடங்கியது, அதற்கு முந்திய ஆண்டைப் போட்டு அங்கே பட்டம் பெற்றதாக எழுதியிருந்தால் ஏதோ ஒன்று தவறு.

பதவிக்கும் இப்படித்தான். புதுச்சேரிக்கு இன்றைய முறையிலான முதலமைச்சரும் சட்டமன்றமும் 1963 ஜூலை 1இல்தான் வந்தன, எதுவார் குபேர் முதல் முதலமைச்சர். 1955இல் தேர்ந்தெடுக்கப்பட்டவர் பிரதிநிதித்துவ சபை உறுப்பினர். அவரைச் “சட்டமன்ற உறுப்பினர்” என்று எழுதினால் வரலாறு மங்கிவிடும். குபேர் 1951இல் பிரெஞ்சு நாடாளுமன்றத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டவர். அவரையும் அவருக்கு முன் உறுப்பினராக இருந்த லாம்பர்ட் சரவணையும் தேட பாரிசின் தேசியச் சபை தன் பழைய உறுப்பினர்களுக்காக வைத்திருக்கும் தரவுத்தளத்துக்குப் போகலாம். நம் கட்டுரைகள் இதைப் போதிய அளவு பயன்படுத்தவில்லை என்பது என் வருத்தம்.

“முதல்”, “மிக இளைய”, “ஒரே” என்ற சொற்கள் கண்ணில் பட்டால் கூடுதலாக உழைக்க வேண்டும். ஃபாரூக் மரைக்காயர் 1937 செப்டம்பர் 6இல் பிறந்து 1967 ஏப்ரல் 9இல் புதுச்சேரி முதலமைச்சரானார். இரண்டு தேதிகளும் உறுதி என்றால் “பதவியேற்றபோது அவருக்கு 29 வயது” என்பது உறுதி. “இந்தியாவிலேயே மிக இளையவர்” என்று எழுத, அதுவரையும் அதற்குப் பிறகும் எல்லா மாநிலங்களிலும் இருந்த முதல்வர்களோடு ஒப்பிட்ட நம்பகமான சான்று வேண்டும். இல்லை என்றால் 29 வயது என்பதோடு நிறுத்துங்கள், வாசகருக்கு அதுவே போதிய வியப்பைத் தரும்.

விருதுகளில் எந்த ஆண்டுக்கான விருது, எப்போது அறிவித்தார்கள், எதற்காகத் தந்தார்கள் என்ற மூன்றும் குழம்பும். ஜெயகாந்தனுக்கு ஞானபீடம் 2002ஆம் ஆண்டுக்கானது, அறிவிப்பு வந்தது 2005இல். ஒரு கட்டுரை 2002 என்றும் இன்னொன்று 2005 என்றும் சொல்வது இதனால்தான். அது “சில நேரங்களில் சில மனிதர்கள்” நாவலுக்குக் கிடைத்தது என்று எழுதியிருந்தால் திருத்துங்கள். அந்த நாவலுக்கு வந்தது 1972 சாகித்திய அகாதெமி. ஞானபீடம் 1982 முதல் ஒருவரின் மொத்தப் பங்களிப்புக்காகத்தான் தரப்படுகிறது. 1975இல் அகிலன் பெற்றபோது ஒரு நூலுக்கென்று தந்தார்கள். பாரதிதாசனுக்கு அகாதெமி விருது 1969, அவர் மறைந்து ஐந்து ஆண்டுக்குப் பிறகு. அதனால் “பெற்றார்” என்று எழுதாமல் “மறைவுக்குப் பின் வழங்கப்பட்டது” என்று எழுதுங்கள். அகாதெமி, ஞானபீடம், பத்ம விருதுகள் எல்லாவற்றுக்கும் வழங்கியவர்களின் சொந்தப் பட்டியல் உண்டு. அதைப் பார்க்காமல் செய்தித்தாளை மட்டும் காட்டுவதில் பொருளில்லை.

8. தாளைத் தேடிப் போகும் இடங்கள்

புதுச்சேரியில் 1827இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகம் முதல் படி. உள்ளூர்ப் பதிப்பகங்கள் போட்ட சிறு நூல்களும் மலர்களும் அங்கே கிடைக்கும் வாய்ப்பு அதிகம். 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் நூலகம் ஆய்வு நூல்களுக்கு நல்லது. பிரெஞ்சு ஆட்சிக்காலத் தாள்களுக்கு தேசிய ஆவணக் காப்பகத்தின் புதுச்சேரி மையம் இருக்கிறது. பிரெஞ்சிந்திய அரசிதழ்களின் பழைய இதழ்களைப் பிரான்ஸ் தேசிய நூலகத்தின் காலிகா தளத்தில் வீட்டிலிருந்தே படிக்கலாம், நியமனம், இடமாற்றம், தேர்தல் முடிவு எல்லாம் அதில் வரும். பிறப்பு, திருமணப் பதிவேடுகளில் பழையவை எக்ஸ்-ஆன்-புரொவான்சில் உள்ள கடல்கடந்த ஆவணக் காப்பகத்தின் தளத்தில் படமாக இருக்கின்றன. பெருமாள் கோயில் தெருவில் பாரதிதாசன் நினைவு இல்லமும், ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் பாரதியார் இல்லமும் அந்த இருவரைப் பற்றித் தேடுபவர்கள் போக வேண்டியவை.

கடலூர்ப் பக்கத்தவர்களுக்கு மாவட்ட மைய நூலகமும் அண்ணாமலைப் பல்கலைக்கழக நூலகமும் உண்டு. சென்னைக்குப் போக முடிந்தால் எழும்பூர் ஆவணக் காப்பகம், ரோஜா முத்தையா நூலகம். போக முடியாவிட்டால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் முதலில் தேடுங்கள்.

என் அனுபவத்தில் அதிகம் பலன் தருவது மலர்கள்தான்: மணிவிழா மலர், நினைவு மலர், கல்லூரி ஆண்டு மலர், கட்சி மாநாட்டு மலர். அந்த ஆளோடு பழகியவர்கள் அதில் எழுதியிருப்பார்கள். புகழ்ச்சியை ஒதுக்கிவிட்டு, எந்த ஆண்டில் எங்கே வேலை பார்த்தார், எப்போது கல்யாணம், எந்தச் சிறையில் யாரோடு இருந்தார் போன்ற எளிய தகவல்களை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் மாற்றத்துக்கு அரசிதழே போதும். சிலை பீடத்தில் இருக்கும் தேதி ஒரு துப்பு மட்டும்தான், அதை எழுதியவர்களும் எங்கேயோ பார்த்துத்தான் எழுதியிருப்பார்கள்.

பதிவேட்டை நேரடியாகப் பார்த்துவிட்டால் வரும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள். அதில் இருப்பவர் அதே ஆள்தான் என்று நாமே முடிவு செய்து எழுதினால் அது சொந்த ஆய்வு ஆகிவிடும், கலைக்களஞ்சியம் அதை ஏற்காது. அப்படி ஒரு கண்டுபிடிப்பு கையில் இருந்தால் ஓர் ஆய்விதழிலோ வார இதழிலோ கட்டுரையாக எழுதுங்கள். ஆசிரியர் பார்வைக்குப் போய் அது அச்சான பிறகு மற்றவர்கள் அதைச் சான்றாக எடுத்துக்கொள்ளலாம்.

9. குடும்பத்தாரிடம் பேசும்போது

மகனோ பேத்தியோ கட்டுரையைப் பார்த்துவிட்டு வருத்தப்படுவது நடக்கும். “எங்க அப்பா பிறந்த நாள் எங்களுக்குத் தெரியாதாங்க?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அவர்களிடம் விதியை நீட்டாமல், “ஐயா, நீங்க சொல்றது சரியா இருக்கலாம். அது எந்தப் புத்தகத்திலாவது, மலரிலாவது அச்சாகி இருக்கா? இருந்தா அந்தப் பக்கத்தை மட்டும் காட்டுங்க” என்று கேளுங்கள். பெரும்பாலும் பரணில் ஏதோ ஒரு மலர் இருக்கும். வீட்டில் உள்ள சான்றிதழைப் படம் எடுத்துத் தளத்தில் ஏற்றச் சொல்லாதீர்கள், அதில் மற்ற உறவினர்களின் விவரமும் இருக்கும். அச்சான சான்று ஒன்றுமே இல்லை என்றால், தவறு என்று அவர்கள் சொல்லும் சான்றில்லாத தகவலை நீக்குவதற்கு நமக்கு உரிமை உண்டு. அவர்கள் சொல்லும் புதிய தேதியைச் சேர்ப்பதற்கு மட்டும் பொறுத்திருக்க வேண்டும்.

10. சான்றுகள் முரண்பட்டால்

பெரும்பான்மைக்கு ஓட்டுப் போடாதீர்கள். நிகழ்ச்சிக்குப் பக்கத்தில் எழுதப்பட்டது எது, எழுதியவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பு எவ்வளவு, மற்ற நிகழ்ச்சிகளோடு பொருந்துவது எது என்று பாருங்கள். சட்டமன்றத்துக்கு நிற்க 25 வயது வேண்டும், மாநிலங்களவைக்கு 30 வேண்டும். ஒரு தேதியின்படி அவர் 23 வயதில் வென்றதாக வந்தால் அந்தத் தேதி சந்தேகத்துக்குரியது. இவ்வளவும் பார்த்தும் தீராவிட்டால் இரண்டையும் எழுதுங்கள். “பிறந்த ஆண்டு 1922 என்று ஒரு நூலும் 1923 என்று இன்னொரு நூலும் குறிக்கின்றன” என்று, ஒவ்வொன்றுக்கும் அதனதன் சான்றோடு. தகவற்சட்டத்தில் ஒன்றை மட்டும் போட்டுவிட்டு உள்ளே இரண்டைச் சொல்லக் கூடாது. கூகுளில் மேலே தெரிவதும் மற்ற தளங்கள் எடுப்பதும் தகவற்சட்டத்தில் இருப்பதைத்தான்.

வள்ளலார் போன்றவர்களின் இறுதி நாளில் முரண்பாடு தேதியில் இல்லை, அது என்ன நிகழ்ச்சி என்பதில் இருக்கிறது. அன்பர்கள் சித்தி என்கிறார்கள், கலைக்களஞ்சியம் எந்த நம்பிக்கையையும் தன் குரலில் சொல்ல முடியாது. யார் அப்படிச் சொல்கிறார்கள் என்பதைச் சேர்த்து, அன்பர்களின் சொல்லை மதிப்போடு எழுதினால் இரு பக்கமும் நியாயமாக இருக்கும்.

11. பதிவு செய்தல்

சான்றில் நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, பக்க எண் எல்லாம் வேண்டும். பக்க எண் இல்லாத நூல் சான்றை அடுத்தவர் சரிபார்க்க முடியாது. நாளிதழ் என்றால் இதழ் வந்த தேதியைக் குறியுங்கள். “நேற்று காலமானார்” என்ற செய்தியில் இதழின் தேதியை மறைந்த தேதியாக எடுத்துவிடும் தப்பு மிகச் சாதாரணம். இணையப் பக்கம் என்றால் வேபேக் மெஷின் என்ற இணையக் காப்பகத்தில் சேமித்து அந்த இணைப்பையும் கொடுங்கள். தமிழ் நாளிதழ்த் தளங்கள் முகவரியை மாற்றும்போது பழைய செய்திகள் காணாமல் போய்விடுகின்றன.

கட்டுரையைத் திருத்திய கையோடு விக்கித்தரவிலும் (எல்லா மொழி விக்கிப்பீடியாக்களுக்கும் பொதுவான தரவுத்தளம்) அதே தேதியைச் சான்றோடு திருத்துங்கள். மற்ற மொழி விக்கிப்பீடியாக்களின் தகவற்சட்டங்கள் பல அங்கிருந்துதான் எடுக்கின்றன. தவறான தேதி பல நூல்களில் பரவியிருந்தால் அதை அழிக்காமல், தரம் குறைந்தது என்று குறித்து, காரணத்தையும் சேருங்கள். அழித்துவிட்டால் வேறொருவர் நல்லெண்ணத்தோடு மறுபடி அதையே சேர்ப்பார்.

தொகுப்புச் சுருக்கத்தில் “திருத்தம்” என்று ஒற்றைச் சொல்லைப் போடாதீர்கள். “மறைந்தபோது வயது 72, 73 அல்ல, பிறந்தநாளுக்கு எட்டு நாள் முன்பு மறைந்தார்” என்று காரணத்தை எழுதுங்கள். பெரிய மாற்றம் என்றால் உங்கள் நோட்டில் உள்ள ஐந்து பத்திகளையும் உரையாடல் பக்கத்தில் அப்படியே இடுங்கள். நிராகரித்த சான்றுகளையும், ஏன் நிராகரித்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பிறகு கட்டுரையைக் கவனிப்புப் பட்டியலில் போடுங்கள். அந்த ஆளின் பிறந்தநாளும் நினைவுநாளும் வரும் வாரங்களில் புதிய தொகுப்புகள் அதிகம் வரும், அந்த வாரங்களில் மட்டுமாவது ஒருமுறை திறந்து பாருங்கள்.